சேதாரம்

இருபதாவது கொண்டை ஊசியில்
காது அடைத்தது. எச்சில் விழுங்கினேன்.
அதற்குள் நாலரை லட்சம்
நாலே முக்கால் ஆகியிருந்தது,
யாரும் கேட்காமலே.

செவ்வாய்ப்பேட்டையில் எனக்குக் கொலுசுப் பட்டறை.
எடை, டச், கூலி, சேதாரம்.
நாலு வரி எழுதினால்
எந்தப் பொருளும் தன் விலையைத்
தானே சொல்லிவிடும்.

ஏற்காட்டு பங்களாவில் ஏலியம்மா குரியன்
சாப்பாட்டு மேசையில் பழைய பனியனை விரித்து
அதன்மேல் வைத்தார்.
பக்கத்தில் வாரிசு லைசென்ஸ்,
துணைக்கு வந்த ஆள் மாதிரி.

முப்பத்திரண்டு போர். பர்மிங்காம் முத்திரை.
செய்தவர்கள் கடையை மூடிவிட்டார்கள்.
கப்பலில் வருவதும் நின்றுபோயிற்று.
"உள்ளே இருக்கறதுதான் இருப்பு.
ஆனா நாலுக்கு மேல போகாதீங்க,
போனா என்கிட்ட சொல்லாதீங்க"
என்றிருந்தார், கோட்டைப் பக்கம்
துப்பாக்கிக் கடை வைத்திருக்கும் அன்வர்தீன்.

கொக்கியை அழுத்தினேன். குழல் தலைகவிழ
ஆறு வெற்று அறைகளுக்கு நடுவே
நட்சத்திரம் ஒன்று எழுந்து நின்றது.
என் பட்டறையில் ஒரு திருகுகூட
இவ்வளவு சுத்தமாய்ப் பொருந்தியதில்லை.
மூன்று இடத்திலும் ஒரே எண்.
உருளை ஆடவில்லை.
குழல் வழியே ஜன்னலைப் பார்த்தேன்.
ஏறிவந்த மலைப்பாதையை யாரோ
உள்ளே சுருட்டி வைத்திருந்தார்கள்.

பையில் சின்னத் தராசு. வெட்கமாகத்தான் இருந்தது.
எழுநூற்றுத் தொண்ணூற்றிரண்டு கிராம்.
பழைய இரும்புக்கு முப்பது ரூபாய் தேறாது.
மீதிப் பணம் முழுக்க
'இனி வராது' என்ற சொல்லுக்கு.
அந்தச் சொல்லுக்கு டச் எவ்வளவு?
எந்தக் கல்லில் உரைப்பது?

சுடப்போவதில்லை.
ஆயுத பூஜைக்கு ஒரு பொட்டு.
தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் கொடுத்து ரசீது.
"இது நமக்கு என்ன செய்யும்?" என்று
நேற்றிரவு செண்பகவல்லி கேட்டாள்.
ஒன்றும் செய்யாது என்றேன்.
"ஒண்ணும் செய்யாததுக்கா இவ்வளவு?"

பிறகுதான் கண்ணில் பட்டது.
குழலின் இடப்பக்கம், நீலம் அரித்துப்போய்
ஒரு கட்டைவிரல் ரேகை.
துடைக்காமல் விட்ட வியர்வை
இரும்பில் இறங்கிச் சுழிசுழியாய்த் துரு.
கழிக்க இடம் கிடைத்த சந்தோஷம் எனக்கு.
நாற்பதாயிரம் என்று மனசில் அடித்தேன்.

"அதைத் தேய்க்க விடல" என்றார் அவர்.
"மிளகு திருட ஆள் வந்துட்டான்னு
ராத்திரி எடுத்துட்டு ஓடினார்.
பார்த்தா காட்டெருமை.
சிரிச்சுக்கிட்டே வந்து வச்சார்,
காலையில துடைக்கலாம்னு."
பனியனின் ஓரத்தை நீவினார்.
நீவியது நேராகும்வரை பேசவில்லை.
"அது இல்லன்னா அஞ்சு.
இருக்கறதால அஞ்சரை."

ஆக, ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு
எங்களுக்கு நடுவே தொண்ணூறாயிரம்.

விற்கும்போது சேதாரத்தைக் கூட்டுவேன்,
வாங்கும்போது கழிப்பேன்.
இருபத்தெட்டு வருஷமாய் அதில் எனக்கு
ஒரு குழப்பமும் வந்ததில்லை.
எத்தனை கால்களின் கறுப்பை
அழுக்கு என்று எடை குறைத்து
உலையில் போட்டிருப்பேன்.

எண்ணெய்த் துணி கேட்டேன்.
வலப்பக்கம் என் விரல் பட்ட இடங்களை மட்டும்
துடைத்தேன், இரண்டு தடவை.
வெளியே சில்வர் ஓக் மரங்கள்
ஒவ்வொன்றாய் மஞ்சுக்குள் போய்க்கொண்டிருந்தன.
காபிக்குச் சர்க்கரை எத்தனை என்றார்.
ஐந்தே கால் என்றேன்.
அவர் கரண்டியோடு அப்படியே நின்றார்.

அன்வர்தீனிடம் சொல்லப்போவதில்லை.